நான்கு அசை

"போகாதீங்க" என்னும்போது
அவள் உதடு நான்கு முறை அசையும்.
"மத்வாபானெ": பர்மியிலும் நான்கு.
இப்படி வாய்ப்பது அபூர்வம்.
மற்ற இடமெல்லாம் ஒரு மூச்சைத் தின்று
ஒரு "நோ"வைச் செருகி
வாயை மூடவைக்க வேண்டும்.

ரங்கூன், ஐம்பத்தோராம் தெரு, மூன்றாம் மாடி.
சுவரெங்கும் முட்டைத் தட்டு,
ஜன்னலுக்குக் கம்பளி.
மின்சாரம் இருக்கும் நான்கு மணி நேரத்தில்
ஆறு மாமியார், இரண்டு விதவை, ஒரு நாயகி,
எல்லாம் நான்தான்.
சம்பளச் சீட்டில் மா சோ.
வீட்டில் அங்கயற்கண்ணி.

பான்சோடான் நடைபாதையில்
எடைக்கு வாங்கிய தமிழ்ப் புத்தகத்துக்கு
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கமும் இல்லை.
கறையான் விட்டுவைத்ததில்
பழைய கிரேக்கர் ஒருவர் கவிகளோடு வழக்காடுகிறார்.
நாற்காலியின் உண்மை எங்கோ மேலே இருக்கிறதாம்;
தச்சன் செய்வது அதன் நகல்,
கவி செய்வது நகலின் நகல்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் தொடர் தெலுங்கில் பிறந்து தமிழுக்கு வந்தது.
விரல் விட்டால் நான் ஐந்தாவது.

அடுத்த பக்கத்தில் சிரிப்பு வரவில்லை.
சொந்தச் சாவில் பல்லைக் கடித்து நிற்பவன்
கூத்துச் சாவுக்கு வெட்கமில்லாமல் அழுகிறான்,
அடுத்தவன் துக்கம்தானே என்று
அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறான்,
செடி வளர்வதோ இவன் கொல்லையில்.
ஆகவே கவிக்குத் தைலம் பூசி, மாலையிட்டு
எல்லை தாண்டி அனுப்பிவிடுங்கள் என்கிறார்.

அவர் ஊருக்கு எல்லை இருந்தது.
கீழ்வீட்டு டோ ந்வே ஈ
பௌர்ணமிக்குப் பௌர்ணமி எட்டுச் சீலம் எடுப்பார்.
ஏழாவது: ஆடல் பாடல் காணேன்.
கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து
மேலே செபமாலையை வைப்பார்.
மறுநாள் விடிந்ததும் மூன்று மாடி ஏறி
"அவள் போய்விட்டாளா?" என்பார் என்னிடம்.

ஐப்பசியில் அண்ணன் செத்தான்.
பழநியாண்டி, தாட்டோன் சாலையில், லாரியோடு.
யேவே சுடுகாட்டில் பெட்டியை உள்ளே தள்ளும்போது
வாயைத் திறந்தேன்.
"மத்வாபானெ."
முன்னால் கால் மூச்சு,
கடைசி அசையில் நடுக்கம்,
எல்லாம் அளவாக.
அவனிடம் ஒருநாளும்
பர்மியில் ஒரு வார்த்தை பேசியதில்லை.
பின்னால் ஒரு குழந்தை,
"அம்மா, டிவி அக்கா!"
தலைகள் திரும்பின.
பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தேன்,
மைக்குக்கு நிற்பதுபோல்.

பதினாறாம் நாள் கழிந்து வேலைக்குப் போனேன்.
நாயகிக்கு அன்று செய்தி வருகிறது,
அவள் அண்ணன் இறந்ததாக.
(கதை எழுதியவருக்கு என்னைத் தெரியாது.)
உதடு நான்கு முறை அசைந்தது.
நான் அசையவில்லை.
ஜெனரேட்டர் நின்றுவிட்டதென்று
கோ ஸின் மின் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.
இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை.
பிறகு ஒன்றும் கேட்காமல்
போன வருஷத்து அழுகை ஒன்றைத்
தேடியெடுத்து ஒட்டினார்.
கனக்கச்சிதம்.

மூன்று வாரம் போயிருக்கும்.
சூலே சிக்னலில் ஒரு பையன் ஜன்னல் வழியே
மல்லிகை மாலையை நீட்டினான். வாங்கினேன்.
யாருக்கென்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.
முன்னிருக்கைப் பெண் கைப்பேசியில்
அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது.
இயர்போன் போடவில்லை.
பஸ் முழுக்கப் போன வருஷத்து நான் அழுதேன்,
அண்ணன் உயிரோடு இருந்தபோது அழுதது,
மதியத்துக்கு மீன்குழம்பு என்று நினைத்தபடி அழுதது.
அந்தப் பெண் மூக்கைச் சிந்தினாள்.
எனக்கும் வந்தது. முதல் தடவை.
குனிந்து மாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

காட்சி முடிந்தது.
அடுத்த பகுதி ஐந்து நொடியில் என்றது திரை.
எங்கே இறங்கணும் என்று
கண்டக்டர் இரண்டாம் முறை கேட்டார்.
வாயைத் திறந்தேன்,
யார் குரல் வருமோ என்று.