பதினொன்றின் கடைசியில்

யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள்,
பதினொரு பாட்டு.
அட்டைப்படம் டிக்கோயா பாலத்தில் எடுத்தது,
நாலு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
அது வெயில். ஸ்டைல் இல்லை.

'ஏழாம் நம்பர்: வெளிவராதவை' என்று தலைப்பு.
ஏழாம் நம்பர் நாங்கள் வைத்தது,
ஜெசிந்தாவின் அம்மா கொழுந்தெடுத்த மலை.
மற்றது எங்களுடையதில்லை.
காசு தீர்ந்தது, அவ்வளவுதான்.

நாலாவது, 'மழை டெஸ்ட் 2 பைனல்'.
பைலின் பெயரையே பாட்டுக்கு வைத்த மகராசன் யாரோ.
ரொட்டிக்கடைப் பின்னறை, சுவரெல்லாம் தேயிலைச் சாக்கு.
டிரம்ஸுக்கே இடம் போதாமல்
கக்கூஸில் நின்று பாடினாள் ஜெசிந்தா.
அந்த எதிரொலியைத்தான் இப்போது மெச்சுகிறார்கள்.
இரண்டாம் நிமிஷம் நிறுவைச் சங்கு ஊதுகிறது,
எங்கள் சுருதிக்கு அரைக்கட்டை கீழே.
அன்றைக்குத் திட்டிக்கொண்டே நிறுத்தினோம்.
இன்றைக்குக் கேட்டால் சங்கு சரி,
நாங்கள்தான் பிசகு.

ஆறாவதற்கு வரியே எழுதவில்லை.
மெட்டுக்கு வாயில் வந்ததை உளறியிருக்கிறாள்,
நெலே நெலே யாரேலே.
எவரோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து
நிலம் நிலம் யார் நிலம் என்று
எழுதி வைத்திருக்கிறார்.
மூன்று வருஷம் நாங்கள் தேடிய வரி.

ஃபர்ஸானைப் பிடித்தேன், ஹார்ட் டிஸ்க் அவனிடம்தானே.
"ஹட்டனில் ரிப்பேருக்குக் குடுத்தேன் மச்சான்,
ஆயிரத்தைந்நூறு கேட்டான்,
திரும்பிப் போகல."
ஆயிரத்தைந்நூறுக்கு
எங்கள் மூன்று மழைக்காலமும் அடகு.

திலகேஸ்வரன் கேட்டது, "காசு வருமா?"
தோஹாவிலிருந்து ஜெசிந்தா,
"எடுக்கச் சொல்லாத. ஆறாவத மட்டும்...
வேணாம், அதுவும் கிடக்கட்டும்."
பின்னால் லிப்ட் மணி. வைத்துவிட்டாள்.

நான் பேஸ்.
போன் ஸ்பீக்கரில் நான் இல்லவே இல்லை.
கொழும்பு பஸ்ஸில் ஹெட்போன் மாட்டித்தான்
என்னைத் தேடினேன், வளைவுக்கு வளைவு.
அங்கங்கே இருந்தேன்,
ஒன்பதாவதில் தப்பாகவும்.

பதினொன்று முடிந்து
கம்பி அதிர்வு அடங்கியபின் ஒரு இருமல்.
பிறகு என் குரல், பக்கத்தில் நிற்பதுபோல:
"இத அழிச்சிரு ஃபர்ஸான்."
மூவாயிரத்துச் சொச்சம் பேர்
அதையும் கேட்டிருக்கிறார்கள்.

அவன் அழிக்கவில்லை.

கினிகத்தேனையில் டீக்கு நிறுத்தினார்கள்.
எல்லாரும் இறங்கினார்கள்.
ஒன்பதாவதை மறுபடி போட்டேன்.