பசித்தால் நிறையும் பை

ஏஜாக்ஸில் இரவு இரண்டு மணி.
ஏரிக் காற்று ஆம்புலன்ஸ் வாசலில்
பனியைக் கூட்டிக் குவிக்கிறது.
தள்ளுகட்டிலில் வருகிறார் புஷ்பகாந்தி, ஐம்பத்தொன்று,
பிக்கரிங் கேக் ஃபாக்டரி, இரவு ஷிப்ட்.
தலைவலையை இன்னும் கழற்றவில்லை,
காதோரம் வெண்ணெய்க் கிரீம் காய்ந்திருக்கிறது.

மூன்று நாளாய் வாயு என்று நினைத்தாராம்.
ஓமத் தண்ணி. இஞ்சி. பிறகு டம்ஸ், ஒரு புட்டி.
வலி விலாவுக்குக் கீழே தொடங்கி
வலது தோள்பட்டைக்கு ஏறி
அங்கேயே குந்திக்கொண்டதாம்.
காய்ச்சல் முப்பத்தெட்டு புள்ளி எட்டு.
மதியத்திலிருந்து
பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

அது நல்லது, என்றேன்.
சாப்பிட்டால் சுருங்கும், பட்டினி கிடந்தால் நிறையும்,
உடம்பில் அப்படி ஒரு பை.
"எனக்கெண்டே செய்த பை" என்றார்.

ஜெல்லைச் சூடாக்கித்தான் வைத்திருந்தேன்,
என்றாலும் சிலிர்த்தார்.
இடப்பக்கம் சரியுங்கோ.
மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ.
சாம்பல் நிறத்தில் ஈரல்,
அதன் மடியில் கறுத்த பேரிக்காய் ஒன்று,
காம்பருகே வெள்ளையாய் ஒரு பிறை.
பிறைக்குப் பின்னால் நிழல்.
ஒலி போய் முட்டி
அதற்கப்பால் போகாத இடம்.

சுவரை அளந்தேன்: ஆறு மில்லிமீட்டர்.
மூன்றுக்கு மேல் ஆகாது.
சுற்றிலும் மெல்லிய நீர்க்கோடு.
குழாய் நான்கு; அதில் அடைப்பில்லை.
பிறகு கருவியைப் பேரிக்காயின் நேர்மேலே நிறுத்தி
மறுபடி மூச்சிழுக்கச் சொல்லி
அழுத்தினேன்.

பாதியில் நின்றது மூச்சு.
என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

அதைத்தான் தேடினேன்.
எங்கே நோகிறதென்று கண்டுபிடிக்கவும்
கண்டதைச் சொல்லாதிருக்கவும்
எனக்குச் சம்பளம்.

"என்ன பிள்ளை, கல்லோ?"
டாக்டர் வந்து சொல்லுவா, அன்ரி.
"நீர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறீர்.
அப்ப கல்லுத்தான்."
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தார்.
"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு எண்டுவினம்.
எனக்கு ரெண்டும் ஒரே பையிலை."
சிரித்தார். சிரிக்க வலித்தது.
வலிக்க வலிக்கச் சிரித்தார்.

உடைமைகள் போட்ட பிளாஸ்டிக் பைக்குள்
போன் நடுங்கியது. மகன், கால்கரி.
எடுத்துக் காதில் வைத்துவிட்டேன்.
"இல்லையடா, சும்மா வாயு.
ஊசி போட்டவை, விடிய வீட்டை போயிடுவன்.
அங்கை மைனஸ் எத்தினை?
தொப்பி போடு."

அவர் மகனுக்குச் சொல்லாததையும்
நான் அவருக்குச் சொல்லாததையும்
ஜெல்லோடு சேர்த்துத் துண்டால் துடைத்தேன்.

படங்கள் போயின.
பதில் வந்தது: பித்தப்பை அழற்சி, கடுமையானது.
வாய்வழி ஒன்றும் வேண்டாம். சேலைன்.
நரம்பில் ஆன்டிபயாட்டிக்.
நாளை மாலை அறுவை, நான்கு துளை போதும்.
கட்டிலின் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டே
மின்தூக்கிவரை போனது.

நான்கு மணிக்கு என் ரொட்டியைப் பிரித்தேன்,
ஆறிப்போன சம்பலோடு.
முதல் கடியிலேயே
விலாவுக்குள், இருட்டில்,
ஒரு சின்னப் பை தன்னைப் பிழிந்துகொள்வது தெரிந்தது.
தெரியாது;
தெரிந்ததாய் நினைத்தேன்.

வியாழன் திரும்ப வேலைக்கு வந்து
நான் பார்த்தது சரிதானா என்று
அறுவைக் குறிப்பைத் திறந்தேன்.
பை சிவந்து தடித்து
பக்கத்துக் கொழுப்போடு ஒட்டியிருந்தது.
பிரித்து, முழுசாய் எடுத்தாயிற்று.
கற்கள் பதினொன்று.

நான் ஒன்றைத்தான் எழுதியிருந்தேன்.
முன்னால் நின்ற அந்தப் பெரியது
தன் நிழலுக்குள்
பத்தை வைத்திருந்திருக்கிறது.

வெள்ளி காலை வீடு செல்லலாம், என்பது கடைசி வரி.
யார் வந்து கூட்டிப்போனார் என்று எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.