மூன்றாம் எண் உலை

ஷாண்டோங் சமவெளியில் அறுப்பு முடிந்துவிட்டது.
மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகள்
லாரி லாரியாக வந்து
ஆலை வாசலில் குன்றாகின்றன.
முன்பு அடுப்புக்குப் போனவை,
அல்லது மழையில் கிடந்து பூசணம் பூத்தவை.
இப்போது எடை போட்டு ரசீது தருகிறார்கள்.

அமிலத்தில் வேகவேக
கட்டை தன் பிடியைத் தளர்த்தும்.
பழுப்புக் கஞ்சி. கருகிய வெல்ல வாடை.
கரித்தூளில் வடித்து, பிசின் தூண்களில் இறக்கி
தண்ணீர்போல் தெளிந்து வரும் சைலோஸை
ராத்திரி ஷிஃப்டில் ஏற்றுக்கொள்பவள்
மியாவ் ஷியூச்சின்.

மூன்றாம் எண் உலை அவளுடையது.
நூற்றிருபது பாகை. ஐம்பது மடங்கு காற்றழுத்தம்.
உள்ளே ஹைட்ரஜன்,
கறுத்த சேறாக நிக்கல்.

அலுமினியத்தோடு கூட்டி உருக்கி
பிறகு அலுமினியத்தை மட்டும்
காரத்துக்குத் தின்னக் கொடுத்தபின்
எஞ்சியது அது.
துணை போன இடமெல்லாம் துளை.
அந்தத் துளைகளில்தான் வேலை நடக்கிறது.
தண்ணீருக்கடியிலேயே வைத்திருக்க வேண்டும்,
உலர்ந்தால் தானே பற்றிக்கொள்ளும்:
போன வருஷம் துடைத்துப்போட்ட ஒரு கந்தல்
குப்பைத்தொட்டியில் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

சர்க்கரைக்கு ஒரு முனை கொஞ்சம் திறந்தே இருக்கும்.
நிக்கலின் மேல் வந்தமர்ந்த ஹைட்ரஜன்
இரண்டாய்ப் பிரிந்து அங்கே ஏறிக்கொள்ளும்.
இலக்கணத்தில் இதைத் தோன்றல் என்போம்:
இரு சொல் நடுவே எங்கிருந்தோ ஓர் ஒற்று.
சைலோஸ், சைலிடால்.
காதுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

வினையூக்கி மாறாது என்கிறது
பயிற்சி வகுப்பில் கொடுத்த புத்தகம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: பொய்.
பதினேழாவது தொகுதிக்கு மேல் அது சோர்கிறது.
கந்தகத் துணுக்கு ஒன்று போதும்.
இரண்டு மணி நேர வேலை மூன்றாகும்,
பொறியாளர் ஃபெங் தொலைபேசியில் கத்துவார்,
அவள் பழையதில் கொஞ்சம் எடுத்துவிட்டு
புதியதில் கொஞ்சம் சேர்ப்பாள்.

அடுத்த கொட்டகையில் படிகம் இறங்குகிறது.
நாக்கில் வைத்தால்
இனிக்கும் முன் குளிரும்:
கரைவதற்கான சூட்டை
நாக்கிடமே கடன் வாங்கும்.
பல்லரிக்கும் கிருமி இதைத் தின்றும்
பட்டினி கிடக்கும்.

வாசலில் தோதோ காத்திருக்கிறது.
காவலாளி துவானின் நாய், ஒரு காது மடிந்தது.
நமக்கு நல்ல இந்த இனிப்பு
நாய்க்கு விஷம்.
ரத்தத்தில் சர்க்கரை சரிந்து கால் மடங்கும்.
இதற்கு முன்னிருந்த நாய்
கிழிந்த மூட்டையில் வாய் வைத்தது.
மூட்டை யார் ஷிஃப்டில் கிழிந்தது என்று
யாரும் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

சீருடையைக் கழற்றி உதறுகிறாள்,
முழங்கைவரை இரண்டு முறை கழுவுகிறாள்,
நகக்கண்ணைத் தீக்குச்சியால் சுரண்டுகிறாள்.
வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது.

தோதோ ஓடிவந்து உள்ளங்கையைத் தேடுகிறது.
சோப்பு வாடை தவிர அதில் ஒன்றுமில்லை.
ஆனாலும் நக்குகிறது.
பஸ் போனால் போகட்டும் என்று
கையை நீட்டியபடியே நிற்கிறாள்.