ஆறாவது வேலைநாள்

எங்கள் பள்ளிக்கு மேலிருந்து வந்த பெயர்
'அனாதாயகரம்.'
ஆதாயம் இல்லாதது என்று பொருள்.
முதல் தடவை கேட்டபோது
அனாதை என்றுதான் காதில் விழுந்தது.
திருத்திக்கொள்ளவில்லை.

ஒலவக்கோடு ரயில்வே காலனிக்குப் பின்னால்
ஒரே கூரை, இரண்டு மீடியம்.
மலையாளம் அந்தப் பக்கம், மின்விசிறிக்குக் கீழே.
தமிழ் இந்தப் பக்கம்,
ஓடு ஒழுகுகிற இடத்தில் வாளியோடு.

ஜூனில் திறந்து ஆறாவது வேலைநாள்
தலை எண்ண வருவார்கள்.
அன்றைக்கு எத்தனையோ
வருஷம் முழுக்க அத்தனைதான்.
ஒன்றாம் வகுப்புத் தமிழுக்கு
பதினைந்து வேண்டும்.

ராத்திரியெல்லாம் கூட்டிப் பார்த்தேன்.
துப்புரவுக் குடியிருப்பிலிருந்து ஐந்து:
வீட்டில் தெலுங்கு, தெருவில் மலையாளம்,
தமிழ் என்னோடு மட்டும்.
ராவுத்தர் தெருவில் முபஷிரா,
அவள் சித்தி மகள்கள் இரண்டு.
முறுக்குச் சுடும் வீட்டு இரட்டையர்
(ஒருவனைக் கூப்பிட்டால்
இன்னொருவன் எழுந்து நிற்பான்).
திருப்பூரில் வேலை போய்த் திரும்பி வந்த
கதிரவேலின் பையன்.
மீதி நான்கும் மேம்பாலம் கட்டுகிறவர்களின்
தகரக் கொட்டகை.
ஒடிசா, பீகார்.
'தாய்மொழி' கட்டத்தில் எழுதிய பெயரை
நானே எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.

ஏன் தமிழில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன்.
"இன்னொரு ஸ்கூலில் பேப்பர் கேட்டார்கள்.
நீங்கள் பெயரைக் கேட்டீர்கள்" என்றார் ஒரு அப்பா,
என் அரைகுறை இந்திக்குப் புரிந்த வரையில்.

பத்தரை மணி. பதினான்கு.
பசந்தி மாஜியைக் காணோம்.
"ஒண்ணு போய் நோக்கு டீச்சரே" என்றாள்
ஹெட்மிஸ்ட்ரஸ் பிரசன்னா.
அவள் பக்கமும் நிரம்பவில்லை.

மழையில் கொட்டகை வாசலில்
சீருடையைப் போட்டுக்கொண்டுதான்
தம்பியை மடியில் வைத்திருந்தாள் பசந்தி.
அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட்.
இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.
ஆட்டோ நாற்பது ரூபாய்.

அதிகாரி குடையை மடக்கி
வாளிக்குப் பக்கத்தில் சாய்த்தார்.
பெயர் பெயராக வாசித்தேன்.
உள்ளேன் டீச்சர். உள்ளேன் டீச்சர்.
இரட்டையர் ஒரே பெயருக்கு இரண்டு உள்ளேன்.
பசந்திக்கு அந்தச் சொல் இன்னும் வரவில்லை.
எழுந்து நின்றாள்.
"ஹாஜிர்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.
மலையாளத்தில் ஹாஜர்.
நம் கோர்ட்டுகளில் ஆஜர்.
யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

பதினைந்து என்று எழுதி
பேனாவை மூடும்போது
பெஞ்சிலிருந்து இன்னொரு குரல்: "ஆஜி!"
வகுப்பே சிரித்தது. அதிகாரியும்.

லக்கன். இரண்டு வயது. கணக்கில் வராது.
அவர் போனபிறகு வருகைப்பதிவேட்டின் பின்னட்டையில்
பென்சிலால் எழுதிவைத்தேன்.
இவனுக்கு ஐந்து வயதாகும்போது
பாலம் முடிந்து
ரயில்கள் அடியில் போகும்,
கொட்டகை வேறெங்கோ இருக்கும் என்பது
எழுதிய பிறகுதான் உறைத்தது.

வாளி நிரம்பிவிட்டிருந்தது.
கொட்டிவிட்டு வரப் போனேன்.