பூஜ்ஜிய முனை

தலைமைக்கு யார் என்று கேட்டபோது
பதினொரு பேரும் எங்கள் காலணிகளைப் பார்த்தோம்.
வல்பரைசோ கட்டடக்கலைஞர் சங்கம், இரண்டாம் மாடி.
கடற்காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது.
யாஸ்னா கையைத் தூக்கினாள்.
'ஒருமனதாக' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்கத்தான் தூக்கினாள்.
எழுதும்போதே எனக்குத் தெரியும்.

இளையோர் குழுவின் மொத்தச் சொத்து:
கால் ஆடும் மேசை,
பூட்டைத் தொலைத்துவிட்ட நான்கு சாவிகள்,
முந்தைய குழு விட்டுப்போன காபிக் கடன்.
முதல் மாதம் முழுக்க
கூட்டம் முடிந்ததும் தனியாக நாற்காலி மடக்கினாள்.
இரண்டாம் மாதம்
நாற்காலி மடக்க என்னைக் கூப்பிட்டாள்.
நிர்வாகம் என்பது இதுதான் போலும்.

பிப்ரவரியில் குன்று எரிந்தது.
மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம்.
தகரக் கூரைகள் சுட்ட அப்பளமாய்ச் சுருண்டு கிடந்தன.
படிக்கட்டுகள் மட்டும் அப்படியே
ஏறிப்போய்
ஒன்றுமில்லாத இடத்தில் நின்றன.

சங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.
ஒரு குழு அமைக்கப்படும் என்றது,
அந்தக் குழுவை அமைக்க இன்னொரு குழு.
யாஸ்னா அனுப்பிய செய்தி:
'சனிக்கிழமை காலை ஏழு.
அளவு நாடா இருப்பவர்கள் நாடாவோடு.
இல்லாதவர்கள் தண்ணீரோடு.'

முப்பத்தாறு பேர்.
பாதிப் பேருக்கு அலுவலகத்தில்
கழிப்பறைக் கதவைத் தவிர
வேறெதையும் வரையக் கொடுத்ததில்லை.

நகராட்சிக்கு வரைபடம் வேண்டும்.
வரைய வீடு வேண்டும்.
வீடு எங்கள் செருப்பில் ஒட்டியிருந்தது.

சுண்ணாம்புப் பொடியை எடுத்தான் லிசாந்த்ரோ.
சொல்லுங்கள், எப்படி நுழைவீர்கள்?
பேருந்து ஓட்டுநர் பவுதிலியோ
கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்.
இங்கே குனியணும்.
இங்கே ஃப்ரிட்ஜ், முழங்கை இடிக்கும்.
இல்லை இல்லை, கதவு அந்தப் பக்கம் திறக்கும்.
காலால் கோட்டைத் தேய்த்து
மறுபடி இட்டான்.
அவர் மகள் ராயென் தெருவிலிருந்து
நேராகச் சமையலறைக்குள் தாண்டிக் குதித்தாள்.
'சுவர் வழியா வராதே!' என்று அதட்டினார்.
பிறகு கண்ணைத் திறந்தார்.
ஒருவரும் எதுவும் எழுதவில்லை, சற்று நேரம்.

பக்கத்து மனைக்காரி
கோட்டை ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னாள்.
சண்டை. சண்டை முடிந்ததும்
அவள் கொண்டுவந்த ரொட்டியை
அந்த ஒரு சாணில் உட்கார்ந்தே தின்றோம்.

நாள் முழுக்க யாஸ்னா பிடித்திருந்தது
நாடாவின் பூஜ்ஜிய முனை.
எண்ணைப் படிப்பவர் மறுமுனையில்,
எழுதுவது நான்.
பூஜ்ஜியத்தில் நிற்பவருக்கு ஒரே வேலை
நகராதிருப்பது.
சாம்பலில் ஒரு முட்டி,
வாயில் பென்சில்,
நாங்கள் கத்தும் எண்களில் அவள் பங்கு எதுவுமில்லை,
அவள் அசைந்தால் எல்லாமே தப்பு.

ஐந்தாம் சனிக்கிழமை பன்னிரண்டு பேர்.
ஏழாம் சனிக்கிழமை நான்கு.
எங்கும் போகாத படிக்கட்டொன்றில் உட்கார்ந்து
'அன்னைக்கு நான் கையையே தூக்கியிருக்கக் கூடாது' என்றாள்.
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
கீழேயிருந்து ஒரு மாணவி மூச்சுவாங்க ஏறிவந்தாள்:
என்கிட்ட நாடா இல்ல, பரவாயில்லையா?
'தண்ணி இருக்கா?' என்று எழுந்தாள் யாஸ்னா.

நாற்பத்து மூன்று வரைபடங்கள்.
முப்பத்தொன்று ஏற்கப்பட்டன.
மீதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்,
ஓரத்தில் இடைவெளி போதவில்லையாம்.

அடுத்த தேர்தல் நவம்பரில்.
ஜன்னல் கொக்கியை மாட்டித்தரும் பொறுப்பு
குறிப்பேட்டின்படி என்னுடையது.
இன்னும் மாட்டவில்லை.