ஊசிக் கணக்கு

நிட்டிங் மிஷினில் ஒரு ஊசி முறிந்தால்
துணியில் ஏணிபோல ஒரு கோடு இறங்கும்.
மிஷினை நிறுத்தி
முறிந்ததை உருவிவிட்டுப் புதிதைச் செருகுவேன்.
அது சம்பளத்துக்கு.
முறிந்தது என் சட்டைப்பைக்குப் போகும்.
அது எனக்கு.

முதலில் சைக்கிள் கம்பியில்தான் ஆரம்பித்தேன்.
வளைந்த கம்பி வளைந்தபடியே நின்றது,
ஒன்றும் பேசவில்லை.
அப்புறம் ஆக்சா பிளேடு.
கிரைண்டரில் கூடக் கொஞ்சம் அழுத்திவிட்டேன்,
நுனியில் மயில்கழுத்து நிறம் ஏறியது.
அழகாய் இருக்கிறதே என்று பார்த்தேன்,
பூட்டுக்குள் விட்டதும் ஈயம்போலக் குழைந்தது.
இப்போது மூன்று எண்ணுவதற்குள்
தண்ணீர் டம்ளரில் முக்கிவிடுகிறேன்.
துளசிமணி டீ குடிக்கிற டம்ளர் அது.
அவளுக்குத் தெரியும்.

மங்கலம் ரோட்டு ஆக்கர் கடையில்
பழைய வைப்பர் எடைக்குக் கிடைக்கும்.
ரப்பரை உரித்தால் உள்ளே இரண்டு பட்டைக் கம்பி,
எத்தனையோ மழையைத் தள்ளிய கம்பி.
அதுதான் பூட்டை மெல்லத் திருப்பிப் பிடிக்க.
துழாவுவதற்கு ஊசி.
மிஷின் ஊசிக்குப் பிறக்கும்போதே வளைந்த மூக்கு,
மூக்குக்குக் கீழே ஆடும் ஒரு சின்ன நாக்கு.
நாக்கைப் பிடுங்கிவிட்டு
அரத்தில் நாலு இழுப்பு, பிறகு உப்புத்தாள்.
பிடிக்கு முப்பதாம் நம்பர் நூல், இருபது சுற்று.
திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்.

பூட்டுக்குள் பித்தளைத் துண்டுகள் ஐந்து.
நாலு சம்மதிக்கும்.
ஐந்தாவது,
கல்யாண வீட்டில் கைநனைக்க மாட்டேனென்று
பந்தலுக்கு வெளியே நிற்கும் பங்காளி.
இழுத்தால் வரமாட்டான்.
பிடியைக் கொஞ்சம் தளர்த்தி
நீ வராட்டியும் பரவாயில்லை என்பதுபோல இருக்கணும்.
அப்போது வருவான்.
டிக்.

'கட்டிலுக்கடியில் பதினேழு பூட்டு,
பூட்டி வைக்க வீட்டில் ஒரு பொருளைக் காணோம்'
என்கிறாள் துளசிமணி.
பதினெட்டு, ஒன்று இன்னும் திறக்கவில்லை
என்று திருத்தினேன்.

கதவில் தொங்கும் பூட்டைத் தொடுவதில்லை.
பாயில் கிடக்கும் பூட்டோடுதான் எனக்குப் பேச்சு.
அதை ஒரே ஒரு முறை மீறினேன்.

லைன் வீட்டில் மூன்றாவது வாசல்.
செல்லக்குட்டியும் அவன் சம்சாரமும்
சாவியை உள்ளே வைத்து, பூட்டை அமுக்கிவிட்டு
பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டார்கள்.
அடுப்பில் பால்.
ஜன்னல் இடுக்கில் கருகல் வாசம் வருகிறது,
ஒருத்தர் கடப்பாரை என்கிறார்,
ஒருத்தர் ஓட்டைப் பிரி என்கிறார்.
நான் சட்டைப்பையில் கைவிட்டேன்.

இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை.
கை தட்டினார்கள். பாத்திரம் போச்சு, வீடு இருந்தது.
செல்லக்குட்டியின் சம்சாரம் கும்பிட்டாள்.
பிறகு யாரோ சிரித்துக்கொண்டே கேட்டார்கள்:
'ஏனுங்க, எந்தப் பூட்டா இருந்தாலும் தொறந்துருவீங்ளா?'
அவசரமுன்னாத்தானுங்க என்றேன்.
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
சிரிப்பு நின்று
எல்லோரும் என் விரல்களைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எட்டு வாசலில் எட்டுப் புதுப்பூட்டு.
செல்லக்குட்டி வீட்டில்தான் ரொம்பப் பெரிசு,
தேங்காய் மூடி அளவு.
என்னைப் பார்த்ததும் துண்டால் மறைக்கப் பார்த்து
மறைக்காமல் விட்டான்.
பழைய பூட்டெல்லாம் என்ன செஞ்சீங்க,
எனக்குத் தருவீங்களா என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒவ்வொருவராய் வருவார்கள்.
ஒவ்வொரு சாவியும் நுழையும்போது
சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்கு
ஆறு, ஏழு, ஆறு என்று எண்ணிக்கை ஓடுகிறது.
காதைப் பொத்தினாலும் ஓடுகிறது.
துளசிமணி புரண்டு படுத்து
'எத்தனை?' என்கிறாள்.

திங்கட்கிழமை மிஷினில் மூன்று ஊசி முறிந்தது.
இரண்டைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.