சிவப்புப் பொத்தான்

சுன்னாகத்தில் கலைந்துபோன கலியாண இசைக்குழு ஒன்றிடம்
கீபோர்ட் வாங்கினேன். அறுபத்தொரு கட்டை.
அதில் ஒரு கறுப்பு, அமத்தினால் எழும்பாது.

வயர் கஸ்தூரியார் வீதியில்.
ஒருமுனை கணினிக்கு. மறுமுனை இரண்டாய்ப் பிரிந்து
ஒன்றில் இன், ஒன்றில் அவுட் என்று பொறித்திருந்தது.
"இன்னை இன்னுக்குள்ள குடுங்கோ அண்ணை,
சிம்பிள்" என்றான் கடைப் பெடியன்.

மூன்று இரவு சத்தமில்லை.
ட்ரைவர் இல்லை என்றது கணினி.
பஸ் நிலையத்தில் பதினெட்டு வருசம்
நேரம் எழுதுகிறவனுக்கு
இது பழகின வசனம்.
தேடி இறக்கினேன். ட்ரைவர் வந்தது,
சத்தம் வரவில்லை.

நாலாம் இரவு மாற்றிக் கொழுவினேன்.
கீபோர்ட்டுக்கு வெளியே என்பது
கணினிக்கு உள்ளே.
வயரில் எழுதியிருந்தது கணினிப் பக்கத்து நியாயம்.
பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

ஆனாலும் அமத்திக் கொஞ்சம் பொறுத்துத்தான் ஒலித்தது.
காரைநகர் பஸ் ஏழு நிமிடம் பிந்தினால் எழுதுவேன்,
இருபதென்றால் காரணம் கேட்பேன்.
இது ஐந்தில் ஒரு செக்கன்.
விரல் பொறுக்கவில்லை,
இருட்டில் கால்வைத்த படி
அங்கே இல்லாததுபோல.
பஃபரைப் பாதி பாதியாய்க் குறைத்தேன்.
நூற்றிருபத்தெட்டுக்குக் கீழே போக
ஒலி கடுகாய்ப் பொரிந்தது.
அங்கேயே நின்றுகொண்டேன்.

"இதுக்கோ இவ்வளவு காசு?" என்றாள் வதனி.
ஹெட்போன் என் காதில்.
அவளுக்குக் கேட்டது பிளாஸ்டிக் கட்டையின் டொக்கு டொக்கு.
"மரக்கறி வெட்டுறமாதிரிக் கிடக்கு."

முன்பு போனில் பதிந்தால் எல்லாம் உள்ளே வந்துவிடும்,
பாண் ஓட்டோவின் மெட்டு, கிணற்று மோட்டர்,
வீதியை மறித்து நிற்கும் வெள்ளைநிற வான் உரிமையாளரைக்
கோயில் ஒலிபெருக்கி கூப்பிடுவது.
இந்த வயருக்குக் காதில்லை.
எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம்,
அவ்வளவுதான் எழுதும்.
நானும் அப்படித்தான்.
எந்த பஸ், எப்ப வந்தது, எவ்வளவு நேரம் நின்றது.
ஆர் இறங்கினது என்று எழுதுவதில்லை.

சனிக்கிழமை காலை
சிவப்புப் பொத்தானை அமத்தி ஒரு வரி வாசித்தேன்.
டிப்போவிலிருந்து கோல். ஆள் காணாதாம்.
ஹெட்போனைக் கதிரையில் எறிந்துவிட்டு ஓடினேன்.

பின்னேரம் வந்து பார்க்கப்
பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
நான்கு மணித்தியாலம், பதினொரு நிமிடம்.
ஹெட்போன் கீபோர்ட்டின் மேல்.

என் ஒரு வரி.
பிறகு நீட்டுக்கு வெறுமை.
பிறகு
கீழிருந்து மேலே ஒரே இழுப்பு, எல்லாக் கட்டையும்:
தூசித்துணி.
கறுப்புக் கட்டை மட்டும் விடாமல் நீண்டு
நாற்பதாம் செக்கனில் நின்றிருந்தது.
நகத்தால் கிளப்பியிருப்பாள்.

பிறகு ஒரு சுரம். அழுத்தம் இருபத்திரண்டு.
அதே சுரம், முப்பத்தொன்று.
அதே சுரம், நாற்பது.
பக்கத்துக் கட்டைக்குப் போய்த் திரும்பி,
ஒன்றைத் தாண்டிப் பிழைத்து,
மறுபடி தொடக்கத்திலிருந்து.
எந்தப் பாட்டைத் தேடினாள் என்று பிடிபடவில்லை.
ஆறு நிமிடம்.
கடைசியில் ஒன்று, அழுத்தம் ஒன்பது,
கேட்கவே கேட்காத ஒன்று.

"மேசை துடைச்சனீரோ?"
"ஓம். ஏன், ஏதும் பழுதாப் போச்சோ?"
"இல்லை."
சொதியை இன்னொரு அகப்பை விட்டாள்.

சேமிக்கவா என்று கேட்டது கணினி.
என் வரியை வெட்டி எடுத்துவிட்டு ஓம் என்றேன்.
பேர் கேட்டது. வைக்கவில்லை.

அடுத்த சனி வேலைக்குப் போகமுன்
எல்லாவற்றையும் போட்டு வைத்தேன்,
கணினி, கீபோர்ட், மேசைக்கு மேலே விசிறி,
கதிரையில் ஹெட்போன்.

சிவப்புப் பொத்தானைத் தொடவில்லை.